கடைசிப் பெயர்

பெருங்குடி டீக்கடையில் பால் இன்னும் பொங்கவில்லை.
நான் வரிசைக்கு வந்துவிட்டேன்,
வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று
பொன் எழுத்தில் அச்சடித்த அட்டையோடு.

முன்னுரிமைக் கவுண்டருக்குச் சிவப்புக் கம்பளம் உண்டு,
கயிறு உண்டு, பூச்சாடி உண்டு.
ஆள்தான் இல்லை.
கம்பளத்தின் மேல் யாருடையதோ ஒரு தெர்மோகோல் பெட்டி,
'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்து
தரையைப் பார்த்துக் கிடந்தது.

நான் கப்பலூர் ரப்பர் வாஷர் கம்பெனியில் விற்பனை.
ஊர் ஊராகப் போய்க் கசிவை நிறுத்துகிறவன்.
போன வருடம் மட்டும் அறுபத்தோரு தடவை பறந்தாயிற்று.

பந்திக்கு முந்து என்று சொல்லி வளர்த்த ஊர் இது.
இங்கே கல்யாண வீட்டில்
சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று
அவன் மோருக்கு வரும்வரை
பிடரியில் மூச்சு விடுவதற்குப் பெயர் முன்னுரிமை.
பெரியார் நிலையத்தில்
நிற்காத பஸ்ஸின் ஜன்னலுக்குள் கைக்குட்டை எறிந்தால்
அது முன்னுரிமை.
கைக்குட்டைக்கு உறுப்பினர் எண் கிடையாது.
ஆனாலும் அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தவனை
நான் பார்த்ததில்லை.

"சார், கார்டுல சின்னமாயன்னு இருக்கு.
டிக்கெட்ல வீரணன்."

நான் சி. வீரணன்.
அந்தச் சி-தான் சின்னமாயன்.
விமானக்காரர்களுக்கு முதல் பெயர் வேண்டும், கடைசிப் பெயர் வேண்டும்.
நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு புள்ளியும்.
விண்ணப்பத்தில் அந்தப் புள்ளியை விரித்து எழுதினேன்.
அது அப்பாவாகி
எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல் தங்க உறுப்பினர் அவர்தான்.
'மதிப்பிற்குரிய சின்னமாயன்,
தங்களுக்குப் பிடித்த இருக்கை இரண்டு ஏ' என்று
மாதாமாதம் என் போனுக்குச் செய்தி வரும்.
சேடபட்டிப் பக்கம் கிணற்று மோட்டாரோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அவருக்குப் பிடித்த இருக்கை
டிராக்டர் மட்கார்டு.

"ரெண்டு ஏ சின்னமாயன் பேர்ல பிளாக் ஆயிருக்கு.
உங்களுக்குத் தர முடியாது சார்.
பதினெட்டு எஃப் இருக்கு."

அறுபத்தோரு தடவை என்றேன்.
குரல் கூரையைத் தொட்டுவிட்டது போல.
பின்னால் முழங்காலில் பட்டை கட்டியவர்
"அவருக்கு மொதல்ல குடுத்து விடுங்கம்மா, பாவம்" என்றார்.
அந்தப் பாவம்தான்
இன்றுவரை உறுத்துகிறது.

தலையைக் குனிந்தபோது அந்தப் பெண்ணின் சட்டையில்
பெயர்ப்பட்டையைப் பார்த்தேன்:
கருத்தபாண்டி.

"அப்பா பேரு சார்" என்றாள், நான் கேட்காமலே.
"ஃபாரத்துல மாறிப்போச்சு. ஏழு மாசமா மெயில் போடுறேன்.
ஷிஃப்டு போடுறது அவருக்கு,
லீவு கேட்டா இல்லேங்குறது அவருக்கு.
நீங்க இப்பத் திட்டுனதும் அவரைத்தான்."

பிறகு பெட்டிக்கு ஆரஞ்சு நிறத்தில்
முன்னுரிமைச் சீட்டு கட்டினாள்.
சென்னையில் அது கடைசியாகத்தான் உருண்டு வரும்.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அவள் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பதினெட்டு எஃப்-இல்
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இருந்தது.
சக்கரம் தரையை விட்டதும் காது அடைத்துக்கொண்டது.
கீழே அவனியாபுரமா, கண்மாயா, எதுவோ போயிற்று.

பணிப்பெண் பட்டியலோடு முன்வரிசைக்குப் போனார்.
இரண்டு ஏ காலி.
"மிஸ்டர் சின்னமாயன்?"
இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க.
சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கையைப் பாதிவரை தூக்கிவிட்டு
தலையைச் சொறிந்துகொண்டேன்.
உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

தங்க உறுப்பினர்களுக்கான முந்திரிப் பொட்டலத்தை
அந்த இருக்கையில் வைத்துவிட்டு
அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

எனக்குப் பசித்தது.